சிறுநீர்ப்பைப் புற்றும் உயிரணுவின் இனமும்

காலை ஏழு மணிக்குப் பட்டரைவாக்கம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்து வண்டிகளிலிருந்து, சோற்றுப் பாத்திரமும் கையுமாக இறங்கும் மக்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நோக்கி நடப்பார்கள். 1964ஆம் ஆண்டில் அந்தப் பேட்டை தோன்றிய நாள் தொட்டு இந்த ஊர்வலம் ஓய்ந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நானும் பல ஆண்டுகள் எதிர்த்திசையில் வண்டி ஏறியிருக்கிறேன். என் தொழில் இரும்பைக் கடைவதன்று. திசுவைச் சீவிப் பார்ப்பது. நோய்க்குறி நூல் பயின்ற டாக்டர் நான். நோயாளியின் முகத்தைக் காணாமல் அவருடைய நோயின் முகத்தை மட்டும் காண்கின்ற டாக்டர் என்று எங்களைச் சொல்வதுண்டு.

ஆயினும் ஒருமுறை இரண்டு நோயாளிகளின் முகங்களையும் நான் காண நேர்ந்தது. ஒருவர் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகள் டர்னராக உழைத்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருந்தவர். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இருவரும் புகை பிடிப்பவர்கள். ஒரே மாதத்தில், வலியேதும் இல்லாமல், சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கண்ணாடியைச் செலுத்திப் பார்த்த ரணசிகிச்சை நிபுணர், இருவரிடமும் பெரிய நெல்லிக்காய் அளவான கட்டி ஒன்றைக் கண்டு, அதைத் துண்டு துண்டாகச் சீவி எடுத்து எனக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்த அவ்விருவருக்கும் அதன்பின் நடந்தது வேறுவேறு. டர்னருக்கு வாரம் ஒருமுறை சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்து நீரை விட்டார்கள். அன்றன்றே வீடு திரும்பினார். மண்டிக்காரருக்கோ உடம்பெங்கும் ஓடும்படி இரத்தக் குழாய் வழியே கடுமையான மருந்துகளை ஏற்றினார்கள். தலைமயிர் உதிர்ந்தது, உணவு செல்லவில்லை. மண்டிக்காரரின் மனைவி ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல கட்டி. ஒரே அளவுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவருக்குச் சுலபமா முடிஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? பிசகு ஏதாச்சும் ஆயிருக்குமா?”

அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. மருத்துவ நூல்கள் பலவற்றில் இதற்குரிய விடை சிதறிக் கிடக்கிறது. மாணவர்களாகிய உங்களுக்கும் அதுவே இன்று என் பொருள்.

முதலில் சிறுநீர்ப்பையின் உட்புறத்தை மனக்கண்ணில் கொள்ளுங்கள். வளர்ந்த மனிதரின் பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி லிட்டர் சிறுநீரைத் தாங்கும். அது காலியாக இருக்கும்போது உள்தோல் சுருங்கி ஐந்தாறு அடுக்கு உயிரணுக்கள் உடையதாய்த் தோன்றும். நிரம்பும்போதோ அதே தோல் விரிந்து இரண்டு மூன்று அடுக்காய் மெலியும். தடித்தும் மெலிந்தும் நிலை மாறுவதால் பழைய நூலார் இவற்றை இடைநிலை உயிரணுக்கள் என்றழைத்தனர். சிறுநீர்ப் பாதையின் உட்படல உயிரணு என்பது இன்றைய வழக்கு. மேல் வரிசையில் உள்ளவை குடை விரித்தாற்போல் அகன்று, கீழே உள்ளவற்றைச் சிறுநீரின் நஞ்சிலிருந்து காக்கின்றன. இந்தப் படலத்துக்கு வெளியே மெல்லிய இணைப்புத் திசு. அதற்கும் வெளியே தடித்த தசை.

சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு, இந்த உட்படல உயிரணுவிலிருந்தே பிறக்கின்றன. எஞ்சிய பத்தில் செதிள் உயிரணுப் புற்று, சுரப்பி உயிரணுப் புற்று, மிக அரிதாகச் சிற்றுயிரணுப் புற்று ஆகியவை அடங்கும். எல்லாம் இரத்தத்தையே காட்டும். குழாய்க் கண்ணாடியில் பார்க்கும் கண்ணுக்கும் பலசமயம் ஒன்றுபோலவே இருக்கும். வேற்றுமை தெரிவது என் மேசைக்கு வந்த பிறகுதான்.

அங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சீவல்களை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லி மீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனமுள்ள தகடுகளாக அறுத்து, சாயம் ஏற்றுகிறோம். ஒரு சாயம் மரத்திலிருந்து வருவது. உயிரணுவின் கருவை நீலமாக்கும். மற்றொன்று ஈயோஸின், சுற்றியுள்ள பகுதியை இளஞ்சிவப்பாக்கும். ஆக, நானும் ஒருவகைச் சாயக்காரன்தான்.

சாயம் என்றவுடன் ஒரு கிளைக்கதை. 1895இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து ரணசிகிச்சை நிபுணர் லுட்விக் ரேன் என்பவர், மஜெந்தா எனப்படும் ஃபுக்ஸின் சாயம் செய்யும் தொழிலாளர் 45 பேரில் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டிருந்ததை எடுத்துரைத்தார். தொழிலால் இந்தப் பையில் புற்று வரலாம் என்பதை உலகம் அப்போதுதான் முதலில் அறிந்தது. பின்னால் ஆராய்ந்தபோது, இத்தகைய சாயத் தொழிலில் பயன்பட்ட நாப்தைலமின், பென்ஸிடின் போன்ற பொருள்களே கொடியவை என்று தெளிவாயிற்று. உடலுக்குள் சென்ற அவற்றின் சிதைவுகள் சிறுநீரில் கலந்து, மணிக்கணக்காகப் பையில் தேங்கி நின்று, உட்படலத்தைத் தீண்டுகின்றன. பென்ஸிடினை அடிப்படையாகக் கொண்ட சாயங்களை நம் நாடும் 1990களில் தடை செய்தது. புகையிலைப் புகையிலும் இவற்றின் உறவினப் பொருள்கள் உள்ளன. இந்நோயாளிகளில் பாதிப்பேரின் நோய்க்குப் புகையே காரணம் என்பது இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. சாயப்பட்டறையை மிதித்தறியாத நம் டர்னரும் மண்டிக்காரரும் தத்தம் சட்டைப் பையிலேயே அந்தப் பட்டறையைச் சுமந்து திரிந்தார்கள் எனலாம்.

டர்னரின் சீவல்களில் நான் கண்டது உட்படல உயிரணுப் புற்று. உயிரணுக்கள் முரடாக இருந்தன. ஆனால் தசை வரை இறங்கவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் இவ்வினப் புற்றுகளில் நான்கில் மூன்று பங்கு இப்படி மேற்பரப்பிலேயே தங்கியிருப்பவை. இதற்குப் பையின் உள்ளே விடப்படும் மருந்து எது தெரியுமா? குழந்தைகளின் தோளில் குத்தும் காசநோய்த் தடுப்பு மருந்தாகிய பி.ஸி.ஜி.யே!

இந்த மருந்துக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பிரான்ஸ் நாட்டின் கால்மெட், கெரன் என்ற இருவர் மாட்டுக் காசக் கிருமியை 13 ஆண்டுகள் விடாமல் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1948இல் சென்னைக் கிண்டியில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கேயுள்ள ஊர்களில், ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் மக்களுக்கு இந்த மருந்தையோ வெறும் நீரையோ ஊசியாகப் போட்டு, எது காக்கிறது என்று பார்க்கும் மாபெரும் பரிசோதனை தொடங்கிற்று. என் தாயார் பிறந்த ஊரும் அந்த வட்டாரந்தான். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே 1979ஐ ஒட்டி வெளியான முடிவு. “வீண் ஊசி” என்று ஊரில் பேசிக்கொண்டதைச் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அதற்குச் சற்று முன்னதாக, 1976இல், கனடா நாட்டில் அல்வாரோ மொராலஸ் என்பவர் அதே மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, மேற்பரப்புக் கட்டிகள் திரும்பத் திரும்ப முளைப்பது குறைவதைக் காட்டியிருந்தார்.

அது வேலை செய்யும் விதம் விந்தையானது. உயிருள்ள கிருமி உட்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. புற்றுயிரணுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. காசக் கிருமி வந்துவிட்டது என்று உடலின் காவற்படை திரண்டு வந்து, கிருமியை விழுங்கிய உயிரணுக்களைத் தாக்குகிறது. ஆகவே இச்சிகிச்சை பலிக்க மூன்று பொருத்தங்கள் வேண்டும்: புற்று உட்படல இனத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும், மருந்து நீர் எட்டும் மேற்பரப்பில் இருக்கவேண்டும், உடலில் எதிர்ப்பாற்றல் இருக்கவேண்டும். டர்னருக்கு மூன்றும் பொருந்தின. வாரம் ஒன்றாக ஆறு முறை; பிறகு இடைவெளி விட்டுப் பராமரிப்புத் தவணைகள். மண்டிக்காரரின் கட்டிக்குள் இந்த நீரைக் குடம் குடமாக விட்டிருந்தாலும் பயனில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்; இடையில் மற்ற இனங்களையும் பார்த்துவிடுவோம்.

செதிள் உயிரணுப் புற்றின் தாயகம் நைல் நதிக்கரை. 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானியர், சிறுநீரில் இரத்தம் போகும் நோய்க்குக் காரணமான புழுவைக் கண்டுபிடித்தார். அதன் முட்டைகள் பையின் சுவரில் ஆண்டுக்கணக்கில் உறுத்தினால், உட்படலம் தன் இயல்பை விட்டு நம் தோலைப் போலச் செதிளாக மாறிவிடும். எகிப்தில் ஒரு காலத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுகளில் பாதிக்கு மேல் இவ்வகையே. புழுவை ஒழிக்கும் மருந்து பரவியபின், செதிள் இனம் குறைந்து உட்படல இனம் முந்திவிட்டது. ஒரு நாட்டின் புற்று இனமே இப்படி மாறியதைப் போல வியப்பான செய்தி இத்துறையில் எனக்கு வேறில்லை. இந்தியாவில் அப்புழு மகாராஷ்டிரத்து ரத்தினகிரி மாவட்டத்தின் கிம்வி என்ற கிராமத்தில் 1952இல் கண்டறியப்பட்டதுண்டு. மற்றப்படி இங்கே செதிள் புற்றைத் தூண்டுபவை நாட்பட்ட சிறுநீர்க் கற்களும், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் நெடுநாள் வைத்திருக்கும் ரப்பர்க் குழாயும்தான். உட்படலப் புற்றை வாட்டும் மருந்துகளுக்கு இது எளிதில் மசிவதில்லை. அறுவைதான் முதல் வழி. காலம் தாழ்த்தாமல் பையை நீக்குவதே நன்று.

சுரப்பி உயிரணுப் புற்று வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, “இது சிறுநீர்ப்பையின் சொந்தப் புற்றா, விருந்தாளியா?” என்பது. பெருங்குடலில் பிறந்த புற்று பக்கத்துச் சுவரை ஊடுருவிப் பைக்குள் வந்திருக்கலாம். அப்படியானால் சிகிச்சையே வேறு. சொந்தப் புற்றானால், அது பையின் உச்சியில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். கருவில் இருந்தபோது சிறுநீர்ப்பையையும் தொப்புளையும் இணைத்த குழாய் பின்னால் நாராகச் சுருங்கிக் கிடக்கும். சிலரிடம் அதில் புற்று தோன்றும். அங்ஙனமாயின் முழுப் பையையும் எடுக்காமல், உச்சியையும் அந்த நாரையும் தொப்புளையும் சேர்த்து ஒரே துண்டாக நீக்கினால் பலருக்குப் போதும். சிறுநீர் நோய்க்குத் தொப்புளை வெட்டுவானேன் என்று மலைக்கும் உறவினர்களுக்குக் கருவின் கதையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

உட்படலப் புற்று தசைக்குள் இறங்கிவிட்டால் என் செய்வது? அமெரிக்காவில் 1987 முதல் 1998 வரை 317 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு நேரே பையை நீக்கினார்கள். மற்றப் பாதிக்கு ஸிஸ்பிளாட்டின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை மூன்று தவணை கொடுத்துப் பிறகு நீக்கினார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, முதல் கூட்டத்தாரில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 46 மாதம். மருந்து பெற்றவர்களிடம் 77 மாதம். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு, நீக்கிய பையில் புற்றின் சுவடே தென்படவில்லை. ஆனால் இந்த எண்கள் உட்படல இனத்துக்கே உரியவை. தூய செதிள் புற்றுடையவரிடம் இவற்றைக் காட்டி ஆறுதல் சொல்வது பொய்க் கணக்கு. ஒரு வேடிக்கையும் உண்டு. உட்படலப் புற்றின் ஒரு பகுதி செதிளாகவோ சுரப்பியாகவோ திரிந்திருந்தால் மருந்து அவ்வளவாகப் பலிக்காது என்றே பலரும் எண்ணியிருந்தோம். 2011இல் அதே சோதனையின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், அத்தகைய கலப்புடையோரும் மருந்தால் நன்கு பயன் பெற்றதைக் கண்டார்கள். ஊகம் எவ்வளவு கூர்மையானாலும் கணக்குக்கு முன் பணிந்துதான் ஆகவேண்டும்.

இனி மண்டிக்காரருக்கு வருகிறேன். அவருடைய கட்டியில் பெரும்பகுதி சாதாரண உட்படலப் புற்றே. ஆனால் ஏழாவது மெழுகுக் கட்டியில் வேறொரு கூட்டம் தெரிந்தது: உடல் இல்லாத கருக்கள் மட்டும் நெருக்கியடித்தாற்போல், கரிய சிறிய உயிரணுக்கள். சிறப்புச் சாயங்கள் ஏற்றி உறுதி செய்தேன். சிற்றுயிரணுப் புற்று. புகை பிடிப்போரின் நுரையீரலில் மிகுதியாகக் காணும் அதே இனம். சிறுநீர்ப்பைப் புற்றுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கட்டி பைக்குள் அடங்கியிருப்பதாகப் படங்கள் காட்டினாலும், அதன் விதைகள் பெரும்பாலும் அதற்குமுன்பே இரத்தத்தில் இறைபட்டிருக்கும். பையை மட்டும் வெட்டியெடுப்பது, விதை பறந்த பின் மரத்தை வெட்டுவது போலாகும். அதனால்தான் உடம்பெங்கும் ஓடும் மருந்து முதலில். அறுவையோ கதிர்ச் சிகிச்சையோ பிறகு. அமெரிக்காவின் ஹூஸ்டன் புற்றுநோய் மருத்துவமனையார் தங்கள் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கணக்கில், முதலில் அறுவை பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேரும், முதலில் மருந்து பெற்றவர்களில் 78 பேரும் ஐந்து ஆண்டு வரை இந்நோய்க்குப் பலியாகாமல் இருந்தனர். திருவுளச்சீட்டுப் போட்டு நடத்திய சோதனையல்ல என்பதால் இதைச் சற்று நிதானித்தே கொள்ளவேண்டும். ஆனாலும் வேற்றுமை பெரிது.

ஏழாவது கட்டி வரை நான் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

நான் தொழிலுக்குப் புதியவனாக இருந்தபோது, வேறோர் ஆஸ்பத்திரியில், லாரி ஓட்டுநர் ஒருவரின் சீவல்கள் வந்தன. துண்டுகள் நிறைய இருந்தன. வழக்கப்படி சிலவற்றை மட்டும் மெழுகில் பதித்தேன். மற்றவை புட்டியிலேயே கிடந்தன. உட்படலப் புற்று, தசையில் இறங்கியுள்ளது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதியதில் பொய் இல்லை. பையை நீக்கினார்கள். நீக்கிய பையை அறுத்துப் பார்த்தபோது ஒரு மூலையில் அந்தக் கரிய சிறிய உயிரணுக்கள். ஓடிப்போய்ப் புட்டியில் கிடந்த துண்டுகளை எடுத்துப் பதித்துப் பார்த்தேன், அங்கேயும் இருந்தன. மருந்து முதலில் போயிருக்க வேண்டிய உடம்பில் கத்தி முதலில் போய்விட்டது. அறுவைப் புண் ஆறி மருந்து தொடங்கவே வாரங்கள் ஆயின. எட்டாவது மாதம் கல்லீரலில் கட்டிகள் தெரிந்தன. முதலிலேயே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. அன்று முதல் வருகின்ற துண்டு ஒன்றுவிடாமல் பதித்துப் பார்ப்பது என் வழக்கம். உதவியாளர்கள் முணுமுணுப்பார்கள். மெழுகுச் செலவு கூடுகிறதென்று ஒரு கணக்கர் கடிதம்கூட எழுதினார்.

இன்று புதிய மருந்துகள் வந்துள்ளன. உட்படலப் புற்றுயிரணுவின் மேலுறையில் நெக்டின்-4 என்றொரு புரதம் உண்டு. அதைத் தேடிப்போய்ப் பற்றிக்கொண்டு நஞ்சை உள்ளே இறக்கும் மருந்தையும், உடலின் காவற்படையைத் தூண்டும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் முற்றிப் பரவியவர்களில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 16 மாதத்திலிருந்து 31 மாதத்துக்கு மேலாக உயர்ந்தது என்று 2023இல் அறிவித்தார்கள். அதன் விலை அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு எட்டாக் கனி. அது ஒருபுறமிருக்க, இங்கும் உயிரணுவின் இனமே குறுக்கே நிற்கிறது. சிற்றுயிரணுப் புற்றில் பெரும்பாலும் அந்தப் புரதமே இருப்பதில்லை. பூட்டே இல்லாத கதவில் சாவிக்கு என்ன வேலை?

இவ்வளவையும் மண்டிக்காரரின் மனைவியிடம் நான் சொல்லவில்லை. “அம்மா, உள்ளே வந்து நீங்களே பாருங்கள்” என்று அழைத்து, இரு தலை வைத்த நுண்ணோக்கியின் மறுபக்கத்தில் உட்காரவைத்தேன். டர்னரின் பெயர் சொல்லாமல் அவருடைய கண்ணாடித் தகட்டை முதலில் வைத்தேன். பிறகு அவர் கணவருடையதை. வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“முதல்ல பார்த்தது மொச்சைக்கொட்டையை அடுக்கி வச்சாப்ல இருக்கு. இது கடுகு கொட்டிக் கிடக்கிறாப்ல இருக்கு” என்றார். நாற்பது ஆண்டுகள் தானியத்தோடு பழகிய கண் அது. என் மாணவர்கள் முதல் பார்வையில் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பிறகு, “கடுகு சிந்தினா ஒரு இடத்துல நிக்காதே ஐயா” என்று தாமே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

மண்டிக்காரருக்கு நான்கு தவணை மருந்தும், தொடர்ந்து கதிர்ச் சிகிச்சையும் ஆயின. பை நீக்கப்படவில்லை. மண்டியை மகன் பார்த்துக்கொள்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய்க் கண்ணாடிச் சோதனைக்கு வருகிறார். சோதனை நாளில் சிறுநீரின் உயிரணுக்கள் பூசிய தகடு என் மேசைக்கு வந்துவிடும். இதுவரை வந்தவை தெளிவாக இருந்தன. அடுத்தது வருகிற வியாழக்கிழமை.